தேடுபொறியும் நம் இணையத்தளமும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



எனக்கு முன்னே பேசிய அன்பர்கள் குறளின் நயத்தையும் கம்பனின் கற்பனையையும் எடுத்துரைத்து உங்கள் செவிகளுக்கு விருந்தளித்தார்கள். அவ்விருந்துக்குப் பின் தேடுபொறி, இணையத்தளம் என்று பேச வந்து நிற்கும் என்னைப் பார்த்து, பாயசத்துக்குப் பின் கஷாயமா என்று நீங்கள் எண்ணக்கூடும். நான் புலவனல்லன். பத்தாம் வகுப்புத் தேறி, இருபது ஆண்டுகளுக்கு மேலாக ரயில்வே பார்சல் ஆபீசில் குமாஸ்தாவாக இருப்பவன். நம் சங்கத்தின் இணையத்தளத்தைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பைச் செயற்குழு சென்ற ஆண்டு என்னிடம் ஒப்படைத்தது. அதன்பொருட்டு நான் படித்தறிந்ததையும் செய்து பார்த்ததையும் இங்கே கூறுமாறு செயலாளர் பணித்தார். நம் குடியிருப்பிலேயே தளம் வைத்திருப்போர் சிலர் உளர். இட்லிப் பொடியும் வடகமும் விற்கும் அம்மையார் ஒருவர். பரதநாட்டியம் கற்பிக்கும் ஆசிரியை ஒருவர். கணக்குப் பாடம் சொல்லித்தரும் தம்பி ஒருவர். அவர்களுக்கும் இது பயன்படலாம்.

இது என்ன அவ்வளவு பெரிய காரியமா என்று கேட்பீர்கள். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து மாற்றலாகி நம் கரக்பூருக்கு வந்த ஒரு குடும்பத்தார், ரயில் பாதைக்கு மறுபுறம் குடியிருந்தும், நம் ஞாயிறு தமிழ் வகுப்பைப் பற்றிப் பத்து மாதம் அறியாமலே இருந்தார்கள். வந்த முதல் வாரத்திலேயே அந்தத் தாயார் கைப்பேசியில் தேடியிருக்கிறார். கோரக்பூரில் உள்ள ஏதோ ஒரு பயிற்சி நிலையமும், சென்னையிலிருந்து இணைய வழியே நடக்கும் வகுப்புகளும் வந்தனவே அன்றி, நம் சங்கத்தின் பெயர் வரவில்லை. பின்பு ஒரு நாள் சந்தையில் முருங்கைக்காய்க்கு விலை பேசும்போது, பக்கத்தில் நின்ற நம் உறுப்பினர் ஒருவரின் தமிழைக் கேட்டுத்தான் நம்மிடம் வந்து சேர்ந்தார். அதற்குள் மூன்றாம் வகுப்பில் தமிழ் வாசித்துக்கொண்டிருந்த பிள்ளை, எழுத்துக் கூட்டிப் படிக்கும் நிலைக்குப் போய்விட்டான். நம் வகுப்பிலோ இன்று இருப்பவர்கள் 11 பிள்ளைகள். தேடுகிறவர்கள் இருக்கிறார்கள், நாமும் இருக்கிறோம், இடையிலே வழி இல்லை. அந்த வழியைப் பற்றியே என் பேச்சு.

நாம் ஒரு கேள்வியை எழுதியவுடன் தேடுபொறியானது உலகமெங்கும் ஓடித் தேடுகிறது என்று பலர் கருதுகிறார்கள். அப்படியன்று. தேடல் நிகழ்வதற்கு நெடுநாள் முன்னரே அதன் வேலை தொடங்கிவிடுகிறது. சிலந்தி என்று பெயர் பெற்ற ஒரு நிரல் பக்கம் பக்கமாகச் சென்று படித்துக்கொண்டே இருக்கிறது. ஒரு பக்கத்திலுள்ள இணைப்பைப் பற்றிக்கொண்டு அடுத்த பக்கம், அங்கிருந்து அதற்கடுத்த பக்கம் என்று, நம் கேங்மேன் தண்டவாளத்தோடு நடந்து போவது போல அது போகிறது. மெயின் லைனோடு சேராத தண்டவாளத் துண்டு எங்கேனும் காட்டுக்குள் கிடந்தால் கேங்மேன் அதைக் காணமாட்டார் அல்லவா? வேறெந்தப் பக்கத்திலிருந்தும் இணைப்பில்லாத பக்கத்தின் கதியும் அதுவே. நம் தளத்தில் தமிழ் வகுப்பைப் பற்றிய பக்கம் ஒன்று இருந்தது. முதற் பக்கத்திலிருந்து அதற்கு இணைப்பில்லை. இருந்தும் இல்லாத பக்கம் அது.

சிலந்தி படித்துக் கொணர்ந்ததையெல்லாம் பொறி ஓர் அகராதியாக அடுக்கி வைக்கிறது. பெரிய நூல்களின் இறுதியில், இன்ன சொல் இன்னின்ன பக்கங்களில் வருகிறது என்று அச்சிட்டிருப்பார்களே, அதே முறைதான். நாம் தேடும்போது பொறி புரட்டுவது இந்த அகராதியைத்தான். ஆகவே நாம் எழுதாத சொல் அந்த அகராதியில் நம் பெயரில் ஏறாது. பார்க்க எளிதாகத் தோன்றும் இவ்வுண்மையைத்தான் தளம் வைத்திருப்போர் மிகுதியும் மறந்துவிடுகிறார்கள். இப்போதைய பொறிகள் ஒத்த பொருளுள்ள சொற்களையும் ஓரளவு உணர்ந்துகொள்கின்றன என்பது மெய்யே. ஆயினும் ஊர்ப் பெயரே இல்லாத பக்கத்துக்கு ஊரை ஊகித்துக் கொடுக்கும் கடமை அவற்றுக்கு இல்லை.

மூன்றாவது வேலை வரிசைப்படுத்துதல். ஆயிரம் பக்கங்களில் ஒரே சொல் இருந்தால் எதை முதலில் காட்டுவது? 1994இல் யாகூ தொடங்கப்பட்டபோது மனிதர்களே தளங்களைப் பார்த்துப் பட்டியலிட்டார்கள். இணையம் பெருகப் பெருக மனிதக் கைக்கு அது அடங்கவில்லை. அந்தப் பட்டியல் 2014இல் மூடப்பட்டது. 1995இல் வந்த ஆல்டாவிஸ்டா போன்ற பொறிகள் பக்கத்திலுள்ள சொற்களையே பெரிதும் நம்பின. உடனே தந்திரக்காரர்கள் புகுந்தார்கள். ஒரே சொல்லை நூறு முறை எழுதினார்கள். படிப்பவர் கண்ணில் படாதபடி வெள்ளைப் பின்னணியில் வெள்ளை எழுத்தாக எழுதி வைத்தவர்களும் உண்டு. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவர்களாயிருந்த லாரி பேஜ், செர்கேய் பிரின் என்ற இருவர் வேறு வழி கண்டார்கள். ஒரு பக்கம் தன்னைப் பற்றித் தானே சொல்லிக்கொள்வதைக் காட்டிலும், பிற பக்கங்கள் அதனைச் சுட்டுவதைக் கணக்கிட்டார்கள். சுட்டுகிறவர் எத்தகையவர் என்பதையும் சேர்த்துக் கணக்கிட்டார்கள். வேலைக்கு மனுப் போடுகிறவன் தன் நண்பனிடம் வாங்கிய நற்சான்றும், தலைமையாசிரியரிடம் வாங்கிய நற்சான்றும் ஒன்றாகுமா? 1998இல் அவர்கள் நிறுவியதே கூகிள். இன்று அது வேறு பல அடையாளங்களையும் சேர்த்துப் பார்க்கிறது. எனினும் நற்சான்றின் மதிப்புப் போய்விடவில்லை.

இனி நாம் செய்யத்தக்கவை. முதலில், நம் தளம் பொறியின் அகராதியில் ஏறியிருக்கிறதா என்று பார்க்கவேண்டும். கூகிளின் தேடற் பெட்டியில் சைட் என்ற ஆங்கிலச் சொல்லை எழுதி, முக்காற்புள்ளி வைத்து, இடைவெளி விடாமல் தளத்தின் முகவரியை எழுதினால், ஏறியுள்ள பக்கங்கள் வரும். நாட்டிய ஆசிரியையின் தளத்தை இவ்வாறு பார்த்தபோது ஒரு பக்கமும் வரவில்லை. காரணம் பின்னரே தெரிந்தது. தளத்தைக் கட்டியவர், கட்டி முடியும்வரை சிலந்தி வரவேண்டாமென்று ஒரு குறிப்பு வைத்திருந்தார். முடிந்த பிறகு அதை எடுக்கவில்லை. அப்படிப்பட்ட குறிப்புகளை எழுதும் முறை 1994 முதலே வழக்கில் இருக்கிறது. தளத்தின் அமைப்புகளில் ஒரே ஒரு கட்டத்தில் இட்ட குறி அது. ஓராண்டுக் காலம் வாசலில் ‘உள்ளே வராதே’ என்று பலகை மாட்டிவிட்டு, ஒருவரும் வரவில்லையே என்று அந்த அம்மையார் வருந்திக்கொண்டிருந்தார்.

அடுத்தது தலைப்பு. இதை நான் பார்சல் ஆபீஸ் வழக்கில் சொல்லுகிறேன். மூட்டைக்குள் எத்துணை உயர்ந்த பட்டு இருந்தாலும், மேலேயுள்ள லேபிளில் போகும் ஊரும் பெறுபவர் பெயரும் இல்லையென்றால் மூட்டை கிடங்கிலேதான் கிடக்கும். ஒவ்வொரு பக்கத்துக்கும் தலைப்பு என்றொரு லேபிள் உண்டு. தேடல் முடிவில் பெரிய எழுத்தில் தோன்றுவது பெரும்பாலும் அதுவே. நம் தளத்தின் எல்லாப் பக்கங்களுக்கும் ‘ஹோம்’ என்ற ஒரே தலைப்பை இட்டிருந்தார்கள். நூறு மூட்டைக்கு ஒரே லேபிள்! இப்போது தமிழ் வகுப்புப் பக்கத்தின் தலைப்பில் தமிழ் வகுப்பு என்பதும், கரக்பூர் என்பதும், ஞாயிற்றுக்கிழமை என்பதும் உள்ளன. பக்கத்துக்குப் பக்கம் தலைப்பு வேறுபடவேண்டும், சுருக்கமாயிருக்கவேண்டும், உள்ளே இருப்பதையே சொல்லவேண்டும். தலைப்பின் கீழே இரண்டு வரிச் சுருக்கம் எழுதவும் இடம் உண்டு. அது வரிசையை உயர்த்தாது. ஆனால் படிப்பவர் அதைப் பார்த்தே உள்ளே வருவதா வேண்டாமா என்று முடிவு செய்வார். வேறொரு பழைய வழக்கமும் உண்டு: பக்கத்தின் மறைவான இடத்தில் தேடற்சொற்களைப் பட்டியலாக எழுதி வைப்பது. அதைத் தான் பார்ப்பதே இல்லை என்று கூகிள் 2009லேயே அறிவித்துவிட்டது. இன்றும் அதற்குக் கூலி கேட்பவர்கள் இருக்கிறார்கள்.

தாய்மார்களே, நம் முதற் பக்கத்தில் முன்பு இருந்த வரவேற்புரையை நீங்கள் படித்திருப்பீர்கள். முத்தமிழையும் மூவேந்தரையும் போற்றி, கடல் கடந்த புகழைப் பாடி, இனிய நடையில் எழுதப்பட்டிருந்தது. எழுதிய பெரியவரின் புலமையை நான் வணங்குகிறேன். ஆனால் அவ்வுரை முழுவதிலும் இவ்வூரின் பெயர் ஓரிடத்திலும் இல்லை. வகுப்பு எங்கே நடக்கிறது, எத்தனை மணிக்கு, எந்த வயதுப் பிள்ளைகளுக்கு, யாரைக் கேட்பது என்பவையும் இல்லை. தேடி வரும் தாயார் கேட்பது இவற்றைத்தான். பெரியவரின் வரவேற்புரை இப்போதும் தளத்தில் இருக்கிறது, தனிப் பக்கத்தில். முதற் பக்கத்தில் அந்த நான்கு செய்திகள் இருக்கின்றன.

தேடுகிறவர் எந்தச் சொல்லைக்கொண்டு தேடுவார் என்பதை நாற்காலியில் அமர்ந்து கற்பனை செய்வதைவிட, நாலு பேரைக் கேட்பது நலம். இங்குள்ள தொழில்நுட்பக் கழகத்து மாணவர்கள் சிலரையும், குடியிருப்பிலுள்ள தாய்மார்கள் சிலரையும் நான் கேட்டேன். ‘தமிழ் வகுப்பு’ என்று தமிழ் எழுத்தில் தேடுவதாகச் சொன்னவர் மிகச் சிலரே. ‘டமில் கிளாஸ்’, ‘டமில் ஸ்கூல்’, ‘சவுத் இந்தியன் மெஸ்’ என்று ஆங்கில எழுத்திலேதான் பலரும் தேடுகிறார்கள். சிலர் கைப்பேசியிடம் வாயாலேயே கேட்கிறார்கள். நம் ஊர்ப் பெயரையே கரக்பூர் என்றும் காரக்பூர் என்றும் எழுதுகிறோம். கோரக்பூரோடு குழப்பிக்கொள்பவர்களும் உண்டு. ஆகையால் முக்கியமான பக்கங்களைத் தமிழில் ஒன்றும் ஆங்கிலத்தில் ஒன்றுமாக எழுதி, ஒன்றிலிருந்து மற்றதற்கு இணைப்புக் கொடுத்தோம். ஆங்கிலப் பக்கத்தில் மேற்கு வங்காளம் என்ற மாநிலப் பெயரும் நம் நிலையத்தின் குறியெழுத்தான கே.ஜி.பி. என்பதும் உள்ளன. தமிழ்ச் சங்கத்தின் தளத்தில் ஆங்கிலம் எதற்கு என்று ஓர் அன்பர் சினந்தார். தமிழுக்கு ஒரு பிள்ளையை அழைத்து வர ஆங்கிலத்தில் பலகை வைத்தால் தமிழ் குறைந்துவிடாது என்பது என் கருத்து.

தமிழ்ப் பக்கத்திலும் ஒரு பெருந்தடை இருந்தது. அதைச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும். நம் பழைய ஆண்டு மலர்களின் கட்டுரைகள் பல, அச்சகத்தார் தந்த கோப்புகளிலிருந்து அப்படியே தளத்தில் ஏற்றப்பட்டவை. உரிய எழுத்துரு இருக்கும் கணினியில் அழகான தமிழாகவே தெரியும். ஆனால் அக்கோப்பினுள் இருப்பது தமிழன்று. பாமினி எழுத்துருவில் ‘தமிழ்’ என்ற சொல்லைத் தட்டினால், உள்ளே பதிவாவது ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கில எழுத்துக்களும் ஓர் அரைப்புள்ளியும். மேலே போர்த்திய எழுத்துரு நம் கண்ணுக்கு அதைத் தமிழாகக் காட்டுகிறது. பொறிக்குக் கண் இல்லை. உள்ளே உள்ள குறியீட்டையே அது படிக்கிறது. ஆகவே நம் மலரில் வந்த நல்ல நல்ல கட்டுரைகள் எல்லாம் பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியலாக அகராதியில் ஏறிக் கிடந்தன. ஒவ்வோர் எழுத்துருவும் ஒவ்வொரு விதமாகக் குறித்ததால், சென்னையில் 1999இல் நடந்த தமிழ் இணைய மாநாட்டில் தாம், தாப் என்ற பொதுக் குறியீடுகளை வகுத்தார்கள். உலக மொழிகளுக்கெல்லாம் பொதுவான யூனிகோடு, 1991இல் வந்த முதற் பதிப்பிலேயே தமிழுக்கு இடம் அளித்திருந்தது. இன்று கைப்பேசியில் நாம் தட்டுவது யூனிகோடு தமிழ். தமிழ் இலக்கியங்களை மின்னூலாக்க 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தாரும் பழைய குறியீடுகளிலிருந்து யூனிகோடுக்கு மாறினார்கள். பாமினிக் கோப்பை யூனிகோடாக மாற்றும் கருவிகள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. மாற்றியபின் ஒரு தமிழறிந்தவர் ஒப்பிட்டுப் பார்த்துத் திருத்தவேண்டும். அது பொறுமையான வேலை. இதுவரை நான்கு மலர்களை முடித்திருக்கிறோம்.

அதற்கும் முற்பட்ட மலர்களை ஒளிப்படமாக எடுத்து வைத்திருக்கிறோம். படத்திலுள்ள எழுத்தைப் படிக்கும் ஆற்றல் பொறிகளுக்கு இப்போது ஓரளவு வந்திருக்கிறது. மங்கிய அச்சுத் தமிழுக்கு அதை நம்பியிருப்பது தகாது. ஒவ்வொரு படத்துக்கும் இது இன்ன ஆண்டு மலர், இன்ன கட்டுரை என்று ஒரு வரியாவது எழுத்தில் இருக்கவேண்டும். பொங்கல் விழா அழைப்பிதழையும் படமாக மட்டும் போடாதீர்கள். நாளும் இடமும் எழுத்தாகவும் இருக்கட்டும். பார்வையற்றோருக்குப் பக்கத்தை வாசித்துக் காட்டும் கருவியும் அவ்வெழுத்தைத்தான் படிக்கும்.

தளம் கைப்பேசியில் சரியாகத் தெரிகிறதா, விரைவாகத் திறக்கிறதா என்பதையும் பார்க்கவேண்டும். 2015 ஏப்ரல் முதல் கைப்பேசித் தேடலில் அதற்கேற்ற பக்கங்களுக்குக் கூகிள் முன்னுரிமை தருகிறது. பூட்டுக் குறியுள்ள பாதுகாப்பான முகவரியும் வேண்டும்.

மெஸ், கடை, வகுப்பு நடத்துவோர்க்கு இன்னொன்று சொல்லவேண்டும். கூகிள் வரைபடத்தில் உங்கள் இடத்தைப் பதிவு செய்து, நீங்களே உரிமையாளர் என்று உறுதிப்படுத்திக்கொள்ளலாம், கட்டணம் இல்லை. பெயர், முகவரி, தொலைபேசி எண், திறந்திருக்கும் நேரம் ஆகியவை வரைபடத்திலும் தளத்திலும் ஒன்றாகவே இருக்கட்டும். அருகிலுள்ளதைத் தேடுவோர்க்கு முதலில் தெரிவது பெரும்பாலும் அதுவே. இட்லிப் பொடி விற்கும் அம்மையாருக்குத் தளத்தைவிட இதுவே அதிகப் பயன் தரும் என்று நினைக்கிறேன்.

இப்போது எச்சரிக்கையாக ஒரு செய்தி. சில மாதங்களுக்கு முன் ஒரு கம்பெனியார் நம் செயலாளரைத் தொலைபேசியில் அழைத்து, முப்பதே நாளில் நம் தளத்தை முதலிடத்தில் நிறுத்துவதாகவும், அதற்குப் பதினெட்டாயிரம் ரூபாய் என்றும் கூறினார்கள். செயற்குழுவில் சிலர் கொடுத்துவிடலாம் என்றார்கள். முதலிடத்துக்கு எவரும் உறுதி தர இயலாது என்று கூகிளே தன் வழிகாட்டியில் எழுதியிருக்கிறது. காசு கொடுத்தால் விளம்பரம் என்ற குறிப்போடு தனியே காட்டுவார்கள்; இயல்பான வரிசையைக் காசு மாற்றாது. உறுதி தருகிறவர்கள் செய்வது பெரும்பாலும், கண்ட கண்ட தளங்களிலிருந்து நற்சான்று இணைப்புகளை விலைக்கு வாங்குவதுதான். ஜெர்மனியில் பி.எம்.டபிள்யூ. மோட்டார் நிறுவனத்தின் தளம், சிலந்திக்கு ஒரு பக்கமும் மனிதருக்கு வேறு பக்கமும் காட்டியதால் 2006இல் சில நாட்கள் அகராதியிலிருந்தே நீக்கப்பட்டது. அமெரிக்காவில் ஜே.சி.பென்னி என்னும் பெருங்கடைக்காகப் பல தளங்களில் விலைக்கு இணைப்பு வாங்கப்பட்டிருந்ததை 2011இல் நியூயார்க் டைம்ஸ் வெளியிட்டது. கடை வரிசையில் கீழே தள்ளப்பட்டது. தனக்கு அது தெரியாது என்று கூறி, அமர்த்தியிருந்த ஆலோசகரைக் கடை நீக்கிற்று. சாரமற்ற பக்கங்களைக் கீழே இறக்கப் பாண்டா என்ற மாற்றத்தை 2011லும், விலைக்கு வாங்கிய இணைப்பு போன்ற சூழ்ச்சிகளுக்கு எதிராகப் பெங்குவின் என்ற மாற்றத்தை 2012லும் கூகிள் கொண்டுவந்தது. நல்ல வேளையாக நம் பதினெட்டாயிரம் பிழைத்தது. அதில் ஒரு பகுதி தமிழ் வகுப்புக்குக் கரும்பலகையாக வந்திருக்கிறது.

விலை கொடாமல் நற்சான்று பெற வழி இல்லையா? உண்டு. பிற ஊர்த் தமிழ்ச் சங்கங்களின் தளங்களில் நம் முகவரியைச் சேர்க்கக் கேட்கலாம். நம் விழாவைப் பற்றி எழுதும் உள்ளூர்ச் செய்தித் தளத்தாரிடம் இணைப்புக் கொடுக்கச் சொல்லலாம். அதற்கு மேலாக, மற்றவர்கள் தாமே சுட்ட விரும்பும் செய்தி நம்மிடம் இருக்கவேண்டும். இவ்வூர்த் தமிழரைப் பற்றி நம் பழைய மலர்களில் உள்ளவை வேறெங்கே கிடைக்கும்?

எழுதியதைக் காலத்துக்கேற்பத் திருத்துவதும் வேண்டும். உலகிலேயே நீளமான நடைமேடை நம் கரக்பூருடையது என்று நம் தளம் நெடுநாள் பெருமை பேசிக்கொண்டிருந்தது. 1,072 மீட்டர் நீளமுள்ள நம் நடைமேடையை 2013லேயே கோரக்பூர் 1,366 மீட்டருடன் முந்திவிட்டது. 2023இல் ஹூப்ளி 1,507 மீட்டருடன் இரண்டையும் முந்திற்று. ரயில்வேக்காரர்கள் நிறைந்த சங்கத்தின் தளத்திலேயே இப்பிழை இருந்தால், வகுப்பு நேரத்தை மட்டும் எவர் நம்புவார்? 2024 ஆகஸ்டு முதல் இந்தியாவிலும் கூகிளில், செயற்கை அறிவு தொகுத்த விடை பல தேடல்களுக்குப் பக்கத்தின் உச்சியிலேயே வருகிறது. அதுவும் தளங்களில் உள்ளதைக்கொண்டே தொகுக்கப்படுகிறது. பக்கத்தில் தவறான நேரம் இருந்தால் விடையும் தவறாகவே வரக்கூடும்.

நான் சொன்னவற்றைச் செய்தவுடனே பலன் தெரிந்துவிடாது. சில நாளிலும் தெரியலாம்; சில மாதமும் ஆகலாம். சர்ச் கன்சோல் என்ற இலவசக் கருவியில் தளத்தைப் பதிவு செய்துகொண்டால், எந்தச் சொற்களைத் தேடியவர்களுக்கு நம் பக்கம் காட்டப்பட்டது, எத்தனை பேர் உள்ளே வந்தார்கள், எந்தப் பக்கம் அகராதியில் ஏறவில்லை என்பவற்றை அறியலாம். அதில் நான் கண்ட ஒன்று எனக்கே வியப்பாயிருந்தது. வகுப்புக்கு அடுத்தபடி நம் தளத்துக்கு மக்கள் வந்தது ஈமச் சடங்கு செய்விக்கத் தமிழ் அறிந்தவர் இவ்வூரில் உண்டா என்று தேடித்தான். அதற்கு நம் தளத்தில் ஒரு வரிகூட இல்லை. அத்தகைய வேளையில் தேடுகிறவருக்குச் சுற்றி வர நேரம் இராது. செயற்குழுவின் இசைவோடு, உதவ முன்வந்த உறுப்பினர்களைத் தொடர்புகொள்ளும் வழியைத் தனிப் பக்கமாகச் சென்ற மாதம் சேர்த்தோம். அந்தப் பக்கத்தின் தலைப்பை எழுத ஒரு மாலைப் பொழுது முழுவதும் பிடித்தது.

இன்னும் ஒன்பது மலர்கள் யூனிகோடாக மாற்றப்படாமல் இருக்கின்றன. தமிழ் தட்டச்சு அறிந்த பெண்மணிகளும், விடுமுறைக்கு வந்திருக்கும் மாணவர்களும் ஞாயிறுதோறும் வகுப்பு முடிந்தபின் ஒரு மணி நேரம் தந்தால் அடுத்த ஆண்டு விழாவுக்குள் முடித்துவிடலாம். தத்தம் தளத்தைப் பார்க்க விரும்புவோரும் அப்போதே கைப்பேசியோடு வரலாம். சங்க அறையில் காத்திருப்பேன்.